உப்புத்தாளை விட்டு மரத்தூள் போகமாட்டேன் என்கிறதா? ஸ்டாட்டிக்கை விரட்டச் சில கைவழிகள்

தை பிறந்துவிட்டால் எங்கள் திருப்புட்குழிப் பக்கம் கல்யாண வீடுகளில் நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, பழைய மர பீரோ என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பாலிஷ் போடும் வேலை தொடங்கிவிடும். முன்பெல்லாம் ஆசாரி வந்து உப்புத்தாளால் கையிலேயே தேய்ப்பார். இப்போது வீட்டுப் பிள்ளைகளே சின்னதாய் ஒரு பெல்ட் சாண்டர் வாங்கி வந்து தேய்க்கிறார்கள். கூடவே ஒரு தொல்லையும் வந்துவிட்டது: தூள் பெல்ட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது, கை மயிர் சிலிர்க்கிறது, இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறது. எல்லாம் ஸ்டாட்டிக் எனும் நிலைமின்சாரம் செய்கிற வேலை. வறுத்த பயறையே முளைக்க வைக்கிற மரகதவல்லித் தாயார் இருக்கும் ஊரில், இதற்கு ஒரு வழி தெரியாமலா போகும்? அதிகம் காசு கரையாத வழிகளாகப் பார்த்துச் சொல்கிறேன்.

1. பெல்ட்டின் துணி, அதில் குருணையை ஒட்டியிருக்கும் பசை, காய்ந்த மரம், இவை எதிலும் மின்சாரம் ஓடாது. உரசி உரசிப் பிரியும்போது உண்டாகும் மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கித் தூளை இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது இரண்டுதான்: அது குறைவாக உண்டாகும்படி தேய்ப்பது, உண்டானது போக வழி விடுவது.

2. பெல்ட் அடைத்துக்கொண்டால் உடனே ஸ்டாட்டிக் மேல் பழி போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். தூள் பொலபொலவென உதிர்ந்தால் அது ஸ்டாட்டிக். பளபளப்பாக, பழுப்புத் திட்டாக இறுகியிருந்தால் அது மரத்தின் பிசினும் சூடும் சேர்ந்து செய்த வேலை. அதற்கு வைத்தியம் வேறு, கீழே வருகிறது.

3. தேய்ப்பு வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். சித்திரை, வைகாசி மதியத்தில் மேல்காற்று வறண்டு அடிக்கும்போதுதான் தூள் பிசாசாய் ஒட்டும். கடல்காற்று நம் பக்கம் எட்டிப் பார்க்கும் சாயங்காலமும் பரவாயில்லை.

4. காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களைக் கேட்டால் இதன் சூட்சுமம் தெரியும். காற்று வறண்டால் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும், விலகும், அறும். குழித்தறியில் தரையின் குளிர்ச்சியும் ஈரமும் பாவுக்குக் கிடைப்பது அதனால்தான் பெரிய உதவி. நீங்களும் வேலை செய்யும் இடத்தில் தரைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஓர் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்டாட்டிக் தங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மிஷினும் ஒயரும் இருக்கும் இடம், நீங்கள் நிற்கும் இடம் இரண்டும் காய்ந்தே இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

5. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்டாட்டிக் பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் மரமே ஈரம் குடித்திருக்கும், தூள் மாவாகப் பிசைந்து பெல்ட்டை அடைக்கும். அந்த நாட்களில் தேய்க்காமல் இருப்பதே சிக்கனம்.

6. ஏசி போட்ட அறையில் தேய்க்கவே வேண்டாம். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். தூளும் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். திண்ணையோ மாட்டுக்கொட்டகையோ இதற்கு எவ்வளவோ மேல்.

7. மிஷினை அழுத்தாதீர்கள், அதன் எடையே போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் ஒரு படி குறைத்து வையுங்கள். உரசல் குறைந்தால் சூடும் குறையும், ஸ்டாட்டிக்கும் குறையும், பெல்ட்டும் கூடுதல் நாள் வரும்.

8. எடுத்த எடுப்பிலேயே 220 நம்பரைப் போடாதீர்கள். 80, 120, 180 என்று படிப்படியாக ஏறுங்கள். நைசான தாள் நைசான தூளைத்தான் கிளப்பும், அந்த மாவுத்தூள்தான் முதலில் ஒட்டும். பாலிஷ் போடும் கதவுக்குப் பெரும்பாலும் 180-லேயே நிறுத்திக்கொள்ளலாம்.

9. கடையில் ‘ஓப்பன் கோட்’ என்று கேட்டு வாங்குங்கள். அதில் குருணைகள் நெருக்கமாக இல்லாமல் இடைவெளி விட்டுப் பதிந்திருக்கும். தூள் விழுந்து போக இடம் கிடைக்கும். வேம்பு, பலா, தேக்கு எல்லாவற்றுக்கும் இதுவே ஏற்றது.

10. மேலே வெள்ளைப் பூச்சு பூசிய தாளைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டியரேட் என்ற சோப்பு வகை. பிசினும் பெயின்ட்டும் ஒட்டாமல் இருக்கப் பூசுவது. ஸ்டாட்டிக்கிற்கென்று அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

11. கருப்பாக இருப்பதெல்லாம் ஆன்டி-ஸ்டாட்டிக் தாள் என்று நினைத்து ஏமாறாதீர்கள். வாட்டர் பேப்பரின் கருப்பு, சிலிக்கன் கார்பைடு குருணையின் நிறம். ஆன்டி-ஸ்டாட்டிக் வகையில் கார்பனோ கிராஃபைட்டோ சேர்த்திருப்பார்கள், மின்னூட்டம் அதன் வழியாக மிஷினுக்கு இறங்கிவிடும்; அட்டையில் அப்படி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

12. பிசின் ஏறிய பெல்ட்டைத் தூக்கிப் போடும் முன், பழைய க்ரேப் ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். மிஷினை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓடும் பெல்ட்டில் அந்த ரப்பர் துண்டை லேசாக ஒத்தினால், இறுகிய தூளெல்லாம் ரப்பரோடு உருண்டு வந்துவிடும். இதற்கென்றே கட்டியாக விற்பதும் இதே ரப்பர்தான். துண்டு விரலைவிட நீளமாக இருக்கட்டும். சின்னத் துண்டை வைத்துக்கொண்டு விரலைப் பணயம் வைக்காதீர்கள்.

13. ஸ்டாண்டோடு நிற்கும் இரும்பு மிஷின் என்றால் மூன்று பின் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம். பெல்ட்டில் சேரும் மின்னூட்டம் உருளை வழியே இரும்புக்கு வந்து, எர்த்தில் இறங்க வேண்டும். பிளக் நுழையவில்லை என்று பெரிய பின்னை உடைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை இன்றே விடுங்கள்.

14. கையில் பிடிக்கும் மிஷின் இரண்டு பின்னோடு வந்தால் பயப்பட வேண்டாம். அதன் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. சுயமாக அதைத் திறந்து எர்த் ஒயர் கட்டப் போகாதீர்கள்.

15. தூள் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? மேலுறை நீக்கிய செம்புக் கம்பியைக் குழாய் முழுக்கச் சுருளாகச் சுற்றி, ஒரு முனையை எர்த் உள்ள மிஷினின் இரும்புப் பகுதியில் ஒரு திருகில் இறுக்குங்கள். பிளக் ஓட்டையில் கம்பியைச் சொருகும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். எர்த் எங்கே என்று சந்தேகமிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

16. துணிக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு மக் தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த துணியால் தூள் உறிஞ்சும் குழாயின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். சில நாளைக்குத் தூள் ஒட்டாது. பெல்ட்டிலும் மரத்திலும் மட்டும் படக் கூடாது. பட்டால் பிறகு பாலிஷ் பிடிக்காமல் திட்டுத் திட்டாகிவிடும்.

17. பாத்ரூம் பிவிசி கதவு, மைக்கா, அக்ரிலிக் இவற்றைத் தேய்த்தால் மரத்தைவிடப் பல மடங்கு ஸ்டாட்டிக் ஏறும். மிஷினை மூட்டை கட்டிவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்ப்பதே சுகம்.

18. பழைய பெயின்ட் அடித்த ஜன்னலுக்கும் அதே ஈரத் தேய்ப்புதான், இங்கே காரணம் இன்னும் பெரிது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது; அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூளாகப் பறக்கவிட்டால் பிள்ளைகள் மூச்சில் போகும். தேய்த்த தண்ணீரைச் செடிக்கும் கிணற்றடிக்கும் விடாமல், பழைய துணியில் ஒற்றி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

19. வார்னிஷ் அடிக்கும் முன் துடைக்கிறீர்களே, அங்கேதான் பாதி வேலை கெடுகிறது. பாலியஸ்டர் துணியால் காயத் துடைத்தால் கதவில் புதிதாக ஸ்டாட்டிக் ஏறி, பறக்கிற தூசியெல்லாம் வந்து உட்காரும். பழைய பருத்தி வேட்டியை நனைத்து, சொட்டு வராமல் பிழிந்து, நார் போகும் திசையில் ஒரே இழுப்பாக இழுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் பிரஷ்ஷை எடுங்கள். கண்ணாடி போல வரும்.

20. தேய்க்கும்போது நைலான் நைட்டியும் பாலியஸ்டர் லுங்கியும் வேண்டாம், பருத்திதான் நல்லது. வெறுங்காலில் சிமென்ட் தரையில் நின்றால் ஸ்டாட்டிக் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கையால் தேய்க்கும்போது மட்டும். கரன்ட் மிஷின் கையில் இருந்தால் செருப்போடுதான் நிற்க வேண்டும்.

21. தின்னர், சீலர், ஸ்பிரிட் பாலிஷ் டப்பாக்களைத் தேய்க்கும் இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. ஸ்டாட்டிக்கின் ஒரு சின்னப் பொறி தின்னர் ஆவியைப் பற்றவைக்கப் போதும். தேய்ப்பு முழுவதும் முடிந்து, தூளை அள்ளிய பிறகே மூடியைத் திறங்கள்.

22. தூளைப் பிளாஸ்டிக் கவரில் சேர்க்காமல் மூடி போட்ட தகர டின்னில் சேருங்கள், அன்றன்றே வெளியே கொட்டுங்கள். லின்சீட் ஆயில் துடைத்த துணியை அதே டின்னில் திணித்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். துணியைத் தனியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

23. மிச்சமான பெல்ட்டை மடித்து வைக்காதீர்கள், மடிந்த இடத்தில் பசை விண்டுவிடும். பருமனான பிவிசி குழாய்த் துண்டைச் சுவரில் அடித்து அதில் தொங்கவிடுங்கள். ஈரத் தரையும் வேண்டாம், அடுப்பங்கரைச் சூடும் வேண்டாம். மாட்டும்போது உள்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பார்த்து மாட்டுங்கள்.

24. உப்புத்தாள் ஒன்றும் தூர தேசத்துச் சரக்கு இல்லை. முருகப்பா குழுமத்தின் உப்புத்தாள் நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சல் சென்னையில் தொடங்கிய ஆண்டு 1954. ஆகவே வெளிநாட்டு பெல்ட்தான் வேண்டும் என்று அலையாமல், காஞ்சிபுரத்து ஹார்டுவேர் கடையிலேயே விசாரியுங்கள். இல்லையென்றால் சென்னை பாரிமுனை. கதவும் ஊஞ்சலும் மட்டும் என்றால் சாதா ஓப்பன் கோட் பெல்ட்டும் காலை நேரமும் ஈரச் சாக்கும் போதும். தினமும் மிஷின் ஓட்டும் தச்சுப் பட்டறைக்குத்தான் ஆன்டி-ஸ்டாட்டிக் பெல்ட்டின் கூடுதல் விலை கட்டுப்படியாகும்.