விசுவாசமும் நம் இரட்சணியமும்



இராஜபாளையத்துப் பஞ்சாலையில் வேலை செய்யும் நம் வாலிபனிடம் கூட வேலை செய்பவர் கேட்கிறார்: "விசுவசித்தால் போதும், இரட்சிப்பு வந்துவிடும். உங்களுக்குப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் தான தருமமும் எதற்கு?" ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் சகோதரியிடம் அடுத்த வீட்டு அம்மாள் சொல்கிறாள்: "நல்லவளாக நடந்தால் போதாதா அக்கா? விசுவாசம் என்னத்துக்கு?" இந்த இரண்டு கேள்விக்கும் நாம் விடை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இது வாதத்தில் ஜெயிக்கிற காரியமல்ல. நம் ஆத்துமத்தின் காரியம்.

1547-ஆம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி திரெந்துப் பொதுச்சங்கம் இரண்டுக்கும் விடை கூறிற்று. தேவ வரப்பிரசாதமின்றித் தன் சொந்தப் புண்ணியச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பது தவறு. வேறொன்றும் வேண்டாம், நம் மனம் இசைந்து ஒத்துழைக்கவும் வேண்டாம், விசுவாசம் ஒன்றே போதும் என்பதும் தவறு. விசுவாசமே இரட்சணியத்தின் தொடக்கம், அஸ்திவாரம், வேர் என்று சங்கம் போதித்தது.

வேர் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மலையடிவாரத்து மாந்தோப்புகளைப் பார்த்திருக்கிறீர்கள். வேரில்லாத கட்டையில் பழங்களைக் கட்டித் தொங்கவிட்டால் அது மாமரமாகுமா? ஆகாது. வேர் இருந்தும் ஆண்டுதோறும் ஒரு பிஞ்சும் பிடிக்காத மரத்தைக் கண்டால், வேர் பட்டுப்போயிற்றோ என்று தோட்டக்காரன் சந்தேகிப்பான் அல்லவா? இனி, அந்த வேருக்கு உயிர் கொடுக்கும் மழையோ எவனும் விலை கொடுத்து வாங்கியதல்ல. அப்படியே விசுவாசமும் சர்வேசுரன் இலவசமாய்த் தரும் கொடை.

அப்படியானால் விசுவாசம் என்ன? சர்வேசுரன் உண்டு என்று அறிவது மாத்திரமா? பசாசுகளும் அதை அறிந்து நடுங்குகின்றன என்கிறார் அர்ச். யாகப்பர். சர்வேசுரன் வெளிப்படுத்திய சத்தியங்களை அவர் சொன்னார் என்பதற்காகவே ஏற்று, நம்மை முழுவதும் அவர் கையில் ஒப்புவிப்பதே விசுவாசம். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவனும் நீதிமானாவதில்லை என்று உரோமையருக்கு எழுதிய அர்ச். சின்னப்பரே, கலாத்தியருக்கு எழுதும்போது, சிநேகத்தின் வழியாய்ச் செயல்படும் விசுவாசமே பயன்படும் என்கிறார். இருவருக்கும் முரண்பாடு இல்லை.

ஆகையால் பஞ்சாலை நண்பரோடு சண்டை வேண்டாம். 1999 அக்டோபர் 31-ல் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது பற்றிக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் புண்ணியத்தால் அல்ல, கிறிஸ்துநாதரின் இரட்சிப்பை விசுவசித்து வரப்பிரசாதத்தாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். அதே வரப்பிரசாதம் நம்மை நற்கிரியைகளுக்கு அழைக்கிறது என்று இருதரப்பாரும் அதில் அறிக்கையிட்டனர். அடுத்த வீட்டு அம்மாளையும் தீர்ப்பிட வேண்டாம். தன் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு சர்வேசுரனைத் தேடி, மனச்சாட்சிப்படி நடப்பவர்கள் ஈடேற்றம் அடையலாம் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. அவர்களையும் இரட்சிப்பது கிறிஸ்துநாதரின் வரப்பிரசாதமே. ஆனால் அறிந்து ஞானஸ்நானம் பெற்ற நமக்குச் சாக்குப்போக்கு ஏது?

இதற்கு நம் தென்னாட்டிலேயே சாட்சி உண்டு. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொல்லிச் சத்திய வேதத்தை அறிவித்தார். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அத்தோடு நின்றாரா? தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாய்ப் பழகினார். 1749-ல் சிறைப்பட்டார். வேதத்தை மறுதலித்தால் விடுதலை, மறுதலிக்கவில்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனப்படுத்தினார். இந்திய இல்லறத்தாரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி சுவர் எழுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவரின் இருபுறத்திலும் நின்றவர்கள் ஒரே விசுவாசப் பிரமாணத்தையே சொன்னார்கள்! வாயில் விசுவாசம் இருந்தது, சிநேகம் எங்கே?

அன்பர்களே, நம் வீட்டிலும் பார்ப்போம். இந்த வாரம் இராச் செபம் முடிந்தபின் குடும்பத்தோடு விசுவாசப் பிரமாணத்தை நிறுத்தி நிதானமாய்ச் சொல்லுங்கள். பின்பு ஒருவரையொருவர் கேளுங்கள்: நாம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறோம்? யாரோடு பேச்சு வார்த்தையின்றி இருக்கிறோம்? அந்த வாசற்படியை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் மிதித்துவிடுங்கள். விசுவாசம் வேரோடியிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.