அம்பத்தூர் இரும்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய சைக்கிள் படங்களை எல்லாம் பார்த்தேன். இளம்பச்சைப் பியாங்கி, கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த மாதிரி இத்தாலி வண்டியை அரக்கோணத்துக் காயலான் கடைகளில் தேடிப் பயனில்லை. தருவிக்க ஆகும் செலவைச் சொன்னால் உன் அப்பன் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டான். போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டிய சமாச்சாரம் இது. அதனால்தான் கடிதம்.

ரேஸ் சைக்கிள் என்றதும் நீ ஹேண்டில்பாரைப் பார்க்கிறாய். நான் பிரேமைப் பார்ப்பேன். அண்ணா பிறந்த நாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் சைக்கிள் போட்டியில் 17 வயதுக்கு உட்பட்ட மாணவிகளுக்குத் தூரம் 15 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்டவேண்டும் என்பது அங்கே விதி. அதில் ஜெயிக்கிற பிள்ளைகளின் வண்டிகளைப் பக்கத்தில் போய்ப் பார். பெயின்ட் உரிந்திருக்கும், சக்கரம் மட்டும் சத்தமில்லாமல் சுற்றும்.

நம் ஊருக்கு ஒரு யோகம் உண்டு. சென்னை மின்ரயிலில் ஏறினால் ஆவடி வரும். 1955 முதல் எஃகுக் குழாய் செய்யும் டியூப் ப்ராடக்ட்ஸ் அங்கேதான். அடுத்து அம்பத்தூர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஊர் அது. செயினுக்கு டி.ஐ. டைமண்ட், டைனமோ விளக்குக்கு டி.ஐ. மில்லர். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நம் தாத்தாக்கள் பெயர் சொல்லி மிதித்த வண்டிகளெல்லாம் இந்த ரயில் பாதையில் பிறந்தவை. அந்த இங்கிலாந்துக் கம்பெனி 1928இலேயே ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியை வாங்கிவிட்டது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்து 1935இல் ரெனால்ட்ஸ் கொண்டுவந்த 531 என்ற குழாய்தான் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பியப் பந்தய வண்டிகளின் எலும்பு. எங்கள் குழாயில் 27 முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்திருக்கிறார்கள் என்று ரெனால்ட்ஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதற்காக அம்பத்தூர் வண்டியில் 531 இருக்கும் என்று நினைத்துவிடாதே. பங்காளி உறவு உண்டு, சொத்தில் பங்கு கிடையாது. 531 பந்தய வண்டி 10, 11 கிலோ. நம் ஊர்க் கறுப்பு வண்டி 20 கிலோவுக்குக் குறையாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பதைத்தான் நீ தேடவேண்டும். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். என்று எண்பதுகளில் இளவட்டங்கள் மிதித்த வண்டி நல்ல தேர்வு. வளைந்த ஹேண்டில்பாரோடு ‘மாக் 1’ என்று ஒன்றும் வந்தது; கண்ணில் பட்டால் விடாதே. ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்கட்டுகள், ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் மூலை, சோளிங்கர், திருத்தணி பக்கத்துப் பழைய சைக்கிள் கடைகளின் பரண் இவைதான் உன் சந்தை. சீட்டுக்குக் கீழேயோ பெடல் அச்சுக்கு அடியிலோ பிரேமில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் போட்டு, விற்பவரிடம் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள். திருட்டு வண்டி தலையில் கட்டப்படாமல் இருக்க அது போதும். உயரம் 22 இஞ்சுக்கு மேல் வேண்டாம். பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கவேண்டும்.

விலை பேசுவதற்கு முன்னால் கையில் ஒரு நூல்கண்டும் ஒரு ஸ்கேலும் எடுத்துப் போ. கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டு. அங்கிருந்து முன்னால் இழுத்து, ஹேண்டில்பார் நுழையும் குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டு. இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அள. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது எங்கேயோ அடிபட்ட வண்டி. அடுத்து, முன்பக்கக் குழாய் சேரும் மூட்டுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவு. பெயின்ட் சுருங்கியோ குறுக்கே வெடித்தோ இருந்தால் முன்னால் எதிலோ மோதியது என்று பொருள். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை வாங்காதே.

துருவைப் பார்த்துப் பயப்படாதே. மேல்துரு உப்புத்தாளில் போய்விடும். பெடல் அச்சுக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே தின்றிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பேனாக் கத்தியின் முனையால் அழுத்திப் பார். இரும்பு உள்வாங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் டப்பாவைத் தேடாதே. முதலில் ஓவராயிலிங். இடது பெடலுக்கு இடது மரை. எல்லா நட்டையும் போல வலமாகத் திருப்பினால் இறுகும் என்று அதைத் திருகினால் கழன்று வரும். பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் அப்படியே. தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும், பிறகு பிரேமுக்கே ஆபத்து. அடுத்து கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின். ஒரே போடாகச் சுத்தியலால் அடிப்பார்கள். பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். நட்டை முழுதும் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக விடு. கிராங்குக்குக் கீழே, பின் இறங்க ஓட்டை உள்ள ஒரு கனத்த குழாயை முட்டுக்கொடுத்துத் தரையில் ஊன்று. மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவை. பிறகு ஒரே ஒரு நிதானமான அடி.

சக்கரத்தைப் பிரித்ததும் பால்ரஸ்களை ஒரு தட்டில் கொட்டி எண்ணு. பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது, பெடல் அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று, எல்லாம் கால் இஞ்சு. ஒன்று தேய்ந்திருந்தாலும் மொத்தத்தையும் மாற்று. பழசும் புதுசும் கலந்தால் பாரமெல்லாம் புதுசின்மேல் விழும். புது கிரீஸ் வைத்துக் கோனை இறுக்கும்போது நாலு முறை பொறுமை வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வால்வை ஒரு பக்கமாக நிறுத்திக் கையை எடு. வால்வின் எடைக்கே சக்கரம் மெல்லத் திரும்பி, வால்வு அடியில் வந்து, கொஞ்சம் ஆடி நிற்கவேண்டும். ஆனால் ரிம்மைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. பெண்டு எடுக்க மட்டும் கடையில் கொடு. முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி. அதை உன் வயதில் கற்றுக்கொள்ள ஒரு சீசன் ஆகும்.

செயினுக்கு ஒரு சோதனை: பன்னிரண்டு இஞ்சுக்குச் சரியாக 24 கண்ணி வரவேண்டும். அரைக்கால் இஞ்சு கூடிவிட்டால் தூக்கிப் போடு. சமையல் எண்ணெய் விடாதே, திருத்தணி ரோட்டு மண் முழுதும் அதில்தான் ஒட்டும்.

பல்லையும் எண்ணிப் பார்த்துவிடு. முன்னால் 44, பின்னால் 18 என்றால், 28 இஞ்சு சக்கரத்தில் ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 16 பல் ஃப்ரீவீல் போட்டால் ஆறு மீட்டரைத் தாண்டும். சமதரைப் பந்தயத்துக்கு அது நல்லது, ஏற்றத்தில் முட்டி வலிக்கும். டயர் வாங்கும்போதும் கவனம். 27 இஞ்சு ரிம்மும் 700சி ரிம்மும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது 630 மி.மீ., மற்றது 622. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. 27 இஞ்சு ரிம்மை எடுத்துவிட்டு 700சி போட்டால் பிரேக் கட்டை நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கவேண்டியிருக்கும்.

பெயின்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். முன்னால் இருக்கும் கம்பெனித் தகடும் பழைய ஸ்டிக்கரும் இருக்கிறபடியே இருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, கார் வேக்ஸ் தேய்த்தால் போதும். பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் விரிசல் இருந்தாலும் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் விடியற்காலையில் திருத்தணிக்கு விடு. 13 கிலோமீட்டர்தான், போக்குவரத்து ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். மலைமேல் போகும் தார்ச்சாலையில் ஏற முடிந்தவரை ஏறு, முடியாவிட்டால் தள்ளு, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இறங்கும்போதுதான் ஜாக்கிரதை. குரோம் பூசிய இரும்பு ரிம் காய்ந்திருக்கும்போது பிடிக்கும். நனைந்தால் பிரேக் வழுக்கும். மழை தூறினால் கீழே வரும்வரை உருட்டிக்கொண்டே வா.

காட்டர் பின் மட்டும் நம் ஊரில் அளவு சரியாகக் கிடைக்காமல் போகலாம். பழையதைத் தாளில் மடித்து வைத்துக்கொள். அடுத்த மாதம் நான் சென்னை ரத்தன் பஜார் பக்கம் போகிறேன். விட்டத்தை அளந்து எழுது, 9.5 மி.மீ.யா 9 மி.மீ.யா என்று. இரண்டு ஜோடியாக வாங்கி வருகிறேன்.

பெரியப்பா