பிள்ளைகள் போன பிறகு பத்து நிமிடம்

மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். பிள்ளை பிறந்து முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி விரிவுரைகளும் ஆற்றினார். அவர் வகுத்த முறையில் ஆசிரியையின் முதல் வேலை பிள்ளையை அவதானிப்பது. கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முன்பள்ளிகளில் கற்பிக்கும் ரீச்சர்மாருக்கும், வீடு வீடாகப் போகும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களுக்கும் இன்று மிகவும் குறைவாகக் கிடைப்பது அதற்கான நேரந்தான். பிள்ளையைப் பார்ப்பதோடு, பிள்ளையோடு இருந்த தன்னையும் திரும்பிப் பார்க்கவேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

அன்றைக்கே எழுதுங்கள். ஒரு பிள்ளை, ஒரு சம்பவம் போதும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நடந்தது மறந்து, உங்கள் எரிச்சல் மட்டும் ஞாபகத்தில் நிற்கும்.

கொப்பியின் ஒரு பக்கத்தில் கண்டதையும் மறுபக்கத்தில் நினைத்ததையும் எழுதுங்கள். இந்த ஒன்றைப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. ‘பிடிவாதக்காரன், பாட்டு நேரத்தில் ஒத்துழைப்பதில்லை’ என்பது நீங்கள் நினைத்தது. ‘பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. எல்லோரும் பாடும்போது கதவைப் பார்த்தபடி நின்றான். ஆயா தமிழில் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தான்’ என்பது கண்டது. முதல் வரியை வைத்துக்கொண்டு அவனைத் திருத்தத்தான் பார்ப்பீர்கள். இரண்டாவதை வாசித்தால் வேறொரு கேள்வி எழும்: வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் காலை முழுவதும் ஆங்கிலத்தில் பேசினோமே, அவனுக்கு என்ன விளங்கியிருக்கும்? அடுத்த நாள் ஒரு பாட்டையாவது தமிழில் தொடங்கிப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதையும் எழுதுங்கள்.

உங்களுக்குக் கோபம் வந்த இடத்தைக் குறித்துவையுங்கள். நம்மில் பலர் அடிவாங்கி வளர்ந்தவர்கள். பிள்ளை சோற்றைத் தட்டிவிட்டால் மூளை யோசிக்கும் முன் கை ஓங்குகிறது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனைக்கு எதிராகக் கல்வி அமைச்சு 2016இல் 12/2016 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சட்டம் கையைத் தடுக்கும். அந்தக் கை ஏன் ஓங்கியது என்பதை நீங்கள்தான் தேடிப்பார்க்கவேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்தபின் யோசிப்பது இன்னொன்று என்று, தொழில் செய்வோர் எப்படிச் சிந்திக்கிறார்கள் என ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல் வெளிவந்த தம் நூலில் பிரித்துக் காட்டினார். பின்னதைப் பழகப் பழக முன்னதும் கூர்மையாகும் என்பது என் நம்பிக்கை. கேட்பவர் உடனே புத்தி சொல்லக்கூடாது. ‘அப்போது பிள்ளையின் முகம் எப்படி இருந்தது?’ என்று கேட்டாலே போதும்.

நிர்வாகிகளுக்கு ஒன்று: இந்த நேரத்தைச் சம்பள நேரத்துக்குள்ளேயே கொடுங்கள். குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் இளம் பெண்களிடம் வீட்டுக்குப் போய் எழுதிவரச் சொல்வது நியாயமில்லை.

செய்யக்கூடாதவை

அந்தக் கொப்பியை வைத்து ஆசிரியைக்குப் புள்ளி போடாதீர்கள். ஒருமுறை போட்டுவிட்டால் மறுநாள் முதல் அதில் பொய்தான் இருக்கும்.

பிள்ளையின் பெயரையும் படத்தையும் வட்ஸ்அப் குழுவில் போட்டு ஆலோசனை கேட்காதீர்கள்.

‘அந்த வீட்டுப் பிள்ளை அப்படித்தான்’ என்று முடித்துவிடாதீர்கள். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மா வளர்க்கும் பிள்ளையாக இருக்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபின்பும் வாசலை விட்டு நகராத ஒரு தகப்பன், 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் யாரையாவது இழந்தவராக இருக்கலாம். ஊகித்து எழுதிவிடாமல், ஒரு தேநீரோடு அவரிடமே பேசுங்கள். அவர் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்களை நீங்களே திட்டிக்கொள்வதைச் சிந்தனை என்று எண்ணாதீர்கள். ‘நான் நல்ல ரீச்சர் இல்லை’ என்ற வரியால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை. நாளைக்கு மாற்றப்போகும் ஒரு சின்னக் காரியத்தை எழுதுங்கள்.

பிள்ளையின் உடம்பில் காயத்தழும்பைக் கண்டாலோ, பிள்ளை யாருக்காவது பயந்து ஒடுங்குவதைக் கண்டாலோ கொப்பியோடு உட்கார்ந்திருக்காதீர்கள். வார இறுதிக் கூட்டம்வரை காத்திருக்கவும் வேண்டாம். கண்டதை நேரத்தோடு குறித்து அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் தயங்கினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.