முட்டுக்கு எந்த மருந்தைத் தினமும் கொடுப்பது?

புத்தளம் கரையோரத்தில் பிள்ளையின் முட்டு, அதாவது ஆஸ்துமா, பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் யாரைக் குற்றம் சொல்வது என்பதில் போய் நிற்கும். நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் அளவுக்கு நிறைவடைந்த நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் ஊருக்குள் வருகின்றன என்பது கற்பிட்டிப் பக்கத்து மக்களின் நெடுநாள் முறைப்பாடு. பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயோ தேங்காய் மட்டையும் பன்னாடையும் எரியும் அடுப்பு, இரவில் நுளம்புச்சுருள். இவையெல்லாம் ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சீண்டக்கூடியவை. நுளம்புச்சுருளை நிறுத்துவதும் பிள்ளையை அடுப்படியில் இருந்து விலக்கி வைப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. தூசுக்கு எதிராகக் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆனால் "காரணத்தை ஒழிக்காமல் மருந்து எதற்கு" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காற்று சுத்தமாகும் நாள் பெற்றோரின் கையில் இல்லை. பிள்ளையின் மூச்சுக்குழாய் வீக்கமோ இன்றிரவே இருமலாக வெளிவரும். சுற்றியுள்ள காற்று மோசமாக இருப்பது தினசரி மருந்தைச் சரியாகத் தேர்வதற்கு இன்னுமொரு காரணம். அதைத் தள்ளிப்போடுவதற்கான சாட்டு அல்ல.

ஆஸ்பத்திரியில் காஸ் பிடித்ததும் பிள்ளை தெளிந்துவிடுகிறது. அதனால் அதுவே வைத்தியம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. காஸில் கொடுக்கும் சல்பியூட்டமோல் செய்வது இறுகிய தசையைச் சில மணிநேரம் தளர்த்துவது மட்டுமே. உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும், அடுத்த சளிக் காய்ச்சலோடு திரும்பவும் எழும். ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டியான ஜீனா, 2019இல் இருந்து சல்பியூட்டமோலை மட்டும் தனியாக நம்பியிருக்க வேண்டாம் என்று பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வருகிறது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் அதன் அறிவுரை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தோடுதான் தொடங்குகிறது. எனவே இங்கே ஒப்பிடப்படுபவை சல்பியூட்டமோல் போன்ற தணிப்பு மருந்துகள் அல்ல. பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் கொடுக்கப்படும் கட்டுப்பாட்டு மருந்துகள்.

அவற்றில் முதலிடம் உள்ளிழுக்கும் ஸ்டெரொயிட்டுக்கு: பெக்ளோமெதசோன், புடசோனைட், ஃபுளுட்டிகாசோன். மூன்றில் எது என்பதைவிட, எது மாதந்தோறும் தடையில்லாமல் கிடைக்கும் என்பதே இங்கே பெரிய கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை நாடே அறியும். அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் பெக்ளோமெதசோனை ஒழுங்காக எடுக்கும் பிள்ளை, தனியார் பாமசியில் விலையுயர்ந்த ஒன்றை ஒரு மாதம் வாங்கி இரண்டு மாதம் விடும் பிள்ளையைவிட நல்ல நிலையில் இருக்கும். ஸ்டெரொயிட் என்ற சொல்லுக்கே பயப்படும் பெற்றோர் அளவைக் கவனிக்க வேண்டும். 6 முதல் 11 வயதுக்குக் குறைந்த அளவு என்பது பெக்ளோமெதசோனிலும் புடசோனைட்டிலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று. கடும் முட்டுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிரெட்னிசொலோன் ஒரே நாளில் பல மில்லிகிராம். தினசரி மருந்தை மறுப்பவர் ஸ்டெரொயிட்டைத் தவிர்க்கவில்லை. பெரிய அளவில், அவசரத்தில், வாய்வழியாகத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் வளர்ச்சி பற்றிய பயம் வெறும் வதந்தி அல்ல. அதை மறைத்துப் பேசுவது நேர்மையும் அல்ல. வட அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட 1,041 பிள்ளைகளை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைட் எடுத்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தது, வெற்று மருந்து எடுத்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு. அதே பிள்ளைகள் வளர்ந்த பிறகு 2012இல் அவர்களது உயரத்தைப் பார்த்தபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அந்தக் குறைவு முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏற்பட்டதே. வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. அங்கே கொடுத்தது இன்று குறைந்த அளவு என்று சொல்லப்படுவதைவிட இரண்டு மடங்கு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், மறுபக்கம் இரவெல்லாம் இழுத்து விடிந்ததும் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடக்கும் பிள்ளை. என் தீர்ப்பில் இது கடினமான பேரம் அல்ல. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

மொன்டெலுகாஸ்ட் குளிசை இரண்டாவது தேர்வு. பலர் அதை முதலாவதாக ஆக்குவதற்குக் காரணம் எளிமை: இரவில் ஒரு குளிசை, சப்பித் தின்னலாம், கருவி தேவையில்லை. இதற்குச் சார்பான ஆதாரமும் உண்டு. 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 994 பேரை எடுத்துப் பார்த்தபோது, தணிப்பு மருந்து தேவைப்படாத நாட்கள் மொன்டெலுகாஸ்டில் 84 சதவீதம், ஃபுளுட்டிகாசோனில் 86.7 சதவீதம். கிட்டத்தட்டச் சமம் என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில் முட்டு வந்த பிள்ளைகளும், வாய்வழி ஸ்டெரொயிட் தேவைப்பட்டவர்களும் குளிசை எடுத்த பக்கத்திலேயே அதிகம். பெற்றோர் தவிர்க்க நினைப்பது இந்த முட்டுகளைத்தானே? அதோடு 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்தின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பொறித்தது: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணமும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வராது. ஆனால் குளிசை தொடங்கிய பிறகு பிள்ளையின் தூக்கமோ குணமோ மாறினால் அதைக் கண்ணூறு என்றோ பிடிவாதம் என்றோ விட்டுவிடாமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கருவியை எவ்வளவு பழக்கியும் பயன்படுத்த முடியாத பிள்ளைக்கு, அல்லது ஸ்டெரொயிட்டோடு துணையாக, இதற்கு இடம் உண்டு. இழுக்கப் பழக்கச் சோம்பல் என்பதற்காக இதைத் தேர்வது தவறு.

தியோபிலின் குளிசையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. எரித்ரோமைசின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக்கே அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சல்பியூட்டமோல் சிரப் கட்டுப்பாட்டு மருந்தே அல்ல. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தந்து, உள்ளிழுப்பதைவிடக் குறைவாக வேலை செய்யும்.

குறைந்த அளவு ஸ்டெரொயிட்டை ஒழுங்காக எடுத்தும் இரவில் இருமல் நிற்கவில்லை என்றால் மேற்படிக்குப் போகலாம். ஆனால் போகுமுன் மருந்து உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பல வேளைகளில் தோற்பது மருந்து அல்ல, இழுக்கும் முறை. மேற்படியில் மூன்று வழிகள்: ஸ்டெரொயிட்டைக் கூட்டுவது, சல்மெட்டரோல் போன்ற நீண்டநேரத் தளர்த்தியைச் சேர்ப்பது, மொன்டெலுகாஸ்டைச் சேர்ப்பது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு 6 முதல் 17 வயதுக்குட்பட்ட 182 பிள்ளைகளுக்கு மூன்றையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தது. தளர்த்தியைச் சேர்த்தது அதிகம் பேருக்குச் சிறந்ததாக இருந்தாலும், மற்ற இரண்டில் ஒன்று சிறந்ததாக அமைந்த பிள்ளைகளும் குறைவில்லை. எனவே இரண்டு மூன்று மாதம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லையேல் மாற்றுவது டொக்டரின் தடுமாற்றம் அல்ல, முறையே அதுதான். தளர்த்தி ஆபத்தானது என்ற பழைய அச்சத்துக்கு 2016இல் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 6,208 பேரிடம் நடந்த ஆய்வு பதில் சொன்னது: ஸ்டெரொயிட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது ஆபத்து கூடவில்லை. தனியாக மட்டும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

கருவியைத் தேர்வதும் மருந்தைத் தேர்வதில் ஒரு பாதி. கப்சூலைக் குத்தி இழுக்கும் தூள் கருவிக்குப் பிள்ளை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்; ஆறேழு வயதுக்குக் கீழே அது கடினம். களப்புக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் ஈரக் காற்றில் அந்தத் தூள் கட்டிபடவும் கூடும். கப்சூலை உறையில் இருந்து பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே எடுக்க வேண்டும், அடுப்படியில் வைக்கவே கூடாது. மருந்தைப் பிடித்துவைக்கும் கூடான ஸ்பேசரோடு பம்ப் எடுப்பதே சிறு பிள்ளைக்கு நம்பகமானது. ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: தென்னாபிரிக்காவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு ஒட்டியது, சல்பியூட்டமோல் கொடுப்பதில் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. எந்த ஸ்பேசரையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் மின்னேற்றம் மருந்தைச் சுவரில் ஒட்டவைக்கும். ஸ்டெரொயிட் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

"பம்ப் பழகினால் விட முடியாது" என்பது மிகப் பரவலான மறுப்பு. இந்த ஸ்டெரொயிட் அடிமைப்படுத்துவதில்லை. விட்டால் முட்டு திரும்புவது நோய் இன்னும் இருப்பதால். அதைவிடக் கனமான கேள்வி, இலேசான முட்டு உள்ள பிள்ளைக்கும் தினமும் வேண்டுமா என்பது. 2011இல் 5 முதல் 18 வயதுக்குட்பட்ட 288 பேரிடம் நடந்த ஆய்வில், தணிப்பு மருந்து மட்டும் எடுத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கும், தினமும் பெக்ளோமெதசோன் எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கும், சல்பியூட்டமோல் தேவைப்படும்போதெல்லாம் அதோடு பெக்ளோமெதசோனையும் எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும் முட்டு மோசமானது. வளர்ச்சி குறைந்தது தினமும் எடுத்தவர்களில் மட்டுமே. 2025இல் நியூசிலாந்தில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது: தேவைப்படும்போது, ஸ்டெரொயிட்டும் நீண்டநேரத் தளர்த்தியும் சேர்ந்த புடசோனைட்-ஃபோமோட்டரோல் எடுத்தவர்களுக்குச் சல்பியூட்டமோல் மட்டும் எடுத்தவர்களைவிட 45 சதவீதம் குறைவாக முட்டு வந்தது. ஆகவே தினசரி மருந்தை ஒரேயடியாக மறுக்கும் குடும்பத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. அது பொருந்துவது இலேசான முட்டுக்கு மட்டும்; கடந்த ஆண்டில் ஆஸ்பத்திரியில் தங்கிய பிள்ளைக்கு அல்ல.

தினசரி அளவை இரு வேளையாகப் பிரித்தால் நோன்பு காலத்தில் சஹருக்கும் இப்தாருக்கும் அது பொருந்திவிடும். ஆனால் நோன்பிருக்கும் பிள்ளைக்குப் பகலில் முட்டு வந்தால் சல்பியூட்டமோலைத் தள்ளிப்போடக் கூடாது. பருவத்துக்கு வாடி மாறும் மீனவக் குடும்பங்கள், போகும் ஊர் கிளினிக்கில் தொடர வசதியாகப் புத்தகத்தையும் ஒரு மாத மருந்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். மூன்று மாதம் நன்றாக இருந்த பிறகு டொக்டரைக் கேட்டு அளவைக் குறைக்கலாம். சோளகம் தொடங்கும் வாரத்திலும், விடுமுறை முடிந்து பள்ளி திறந்து பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சளியைப் பகிரும் வாரங்களிலும் மட்டும் குறைக்க வேண்டாம்.