ஒற்றைக் காலில் நின்றுவிட்டால் போதுமா?



விடுமுறை நாட்களில் அண்ணனூரில் நம் பிள்ளைகள் கிரிக்கெட், கபடி என்று ஆடுகிறார்கள். ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால், "எழுந்து நட, ஒண்ணுமில்ல" என்று மறுபடியும் ஆட விட்டுவிடுகிறோம். இது சரியா என்பதே இந்த மாத மருத்துவப் பாடம்.

தலையில் அடிபட்டு மூளையின் செயல்பாடு சிறிது காலம் குலைவதைக் கன்கஷன் என்கிறார்கள். நினைவு தப்பாமலும் இது ஏற்படலாம். சாதாரண ஸ்கேனில் தெரியாது.

இதைக் கண்டறியச் செய்யும் சோதனைகளுள் ஒன்று, உடல் சமநிலைச் சோதனை. கண்ணை மூடி, இடுப்பில் கைவைத்து, இரு கால்களைச் சேர்த்தும், ஒற்றைக் காலிலும், ஒரு காலின் முன் மறு காலை வைத்தும் 20 வினாடி நிற்க வேண்டும். கண் திறப்பது, கை எடுப்பது, தடுமாறுவது எல்லாம் தவறுகளாக எண்ணப்படும்.

இதை மட்டும் நம்ப முடியாது. ஒரே ஆட்டக்காரரை இருவர் பார்த்தால் இரண்டு எண்ணிக்கை வரலாம். ஓடிக் களைத்தவர் அடிபடாமலே தள்ளாடுவார். திரும்பத் திரும்பச் செய்தவர் பழக்கத்தால் நன்றாக நிற்பார். பலருக்குச் சில நாட்களிலேயே சமநிலை திரும்பிவிடும். தலைவலியும் மறதியும் நீடிக்கும். ஆகவே, தடுமாறினால் சந்தேகப்பட வேண்டும். நேராக நின்றால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல.

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து பட்டு விழுந்தார். பரிசோதனைகளில் தேறி மீண்டும் ஆடினார். மறுநாள் காலை தலைவலியும் மந்தமும் வர, அவருக்குப் பதில் வேறொருவர் இறக்கப்பட்டார். 1998 பிப்ரவரியில் டாக்காவில் நம் நாட்டு வீரர் ராமன் லம்பா, ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் செய்தபோது தலையில் அடிபட்டார். மைதானத்திலிருந்து நடந்தே வெளியேறினார். மூளையில் இரத்தக் கசிவால் மூன்றாம் நாள் இறந்தார்.

எனவே:

• தலையில் அடிபட்டு, சந்தேகம் இருந்தால், அன்று விளையாட்டு வேண்டாம்.
• முதல் சில மணி நேரம் தனியே விடாதீர்கள். வண்டி ஓட்ட விடாதீர்கள்.
• தொடர் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், குழப்பம், அரைமயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.
• தொழுகையில் குனிந்து நிமிரும்போது தலைசுற்றினாலும் பிள்ளை மறைக்காமல் சொல்லட்டும்.
• மருத்துவர் அனுமதித்த பிறகே, படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்பட்டும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒரு மேட்ச் போனால் அடுத்த வாரம் இன்னொன்று ஆடலாம், இன்ஷா அல்லாஹ்.