சீன மாணவரும் ஆங்கிலக் கிரகித்தலும்

சீனத்தில் 1977ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிய பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையின் தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 புள்ளிகள். அவற்றுள் 50 கிரகித்தலுக்குரியன. அதிலுள்ள வினாவொன்றை ஈண்டு நோக்குவாம்.

கட்டுரையொன்றில் ஐந்து வாக்கியங்கள் நீக்கப்பட்டிருக்கும், கீழே ஏழு தரப்படும், இரண்டு பொருந்தா. ஒவ்வொன்றுக்கும் 2½ புள்ளிகள். ஒன்றை இடமாற்றி வைப்பின் அதற்குரிய இடத்தில் வேறொன்று புகுந்து 5 புள்ளிகள் கெடும். சொற்பொருளை நெட்டுருச் செய்தல் மட்டும் இங்கு உதவாது. வெற்றிடத்தின் முன்னும் பின்னும் நோக்கி, சுட்டுச்சொல் எதனைக் குறிக்கின்றது, 'எனினும்', 'ஆகவே' என்பன கருத்தை எங்கே திருப்புகின்றன என ஆராய்தல் வேண்டும்.

சீன மாணவர்க்கு மற்றுமோர் இடருண்டு. அவர்தம் மொழியில், தமிழிற்போலவே, அடை பெயருக்கு முன்னே வரும். ஆங்கிலத்தில் நீண்ட அடைவாக்கியம் பின்னே தொடரும். ஆதலின் எழுவாய் பயனிலைகளை முதலிற் கண்டு, பின் அடைகளைச் சேர்த்துப் பொருள் கொள்க என்போம். நம் மாணவர்க்கும் இப்பயிற்சி பயன்தருவதேயாம்.