வேகக் காரின் டயரில் ஆணி: ஒட்டுவதா, மாற்றுவதா?

நங்கநல்லூரில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாக எழும்பிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், சென்ட்ரிங் பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி தெருவோரத்தில் கிடப்பது சர்வசாதாரணமான விஷயம். ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நிதானமாக ஊர்ந்து செல்லும் கார்களுக்கு அதனால் நேர்வது அரைமணி நேரத் தாமதம் மட்டுமே. ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்குமாறு வார்க்கப்பட்ட டயரில் அதே ஆணி ஏறிவிட்டால், பஞ்சர் கடைக்காரர் இயல்பாகக் கேட்கும் ‘ஒட்டிடலாமா சார்?’ என்ற கேள்விக்கு உடனே தலையசைத்துவிடலாகாது.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகனுடைய காரின் பின்சக்கரத்தில் இவ்விதம் ஓர் ஆணி ஏறியது. 245/35 ஆர் 19 என்ற அளவும், வேகக்குறியாக ‘ஒய்’ என்ற எழுத்தும் பொறித்த டயர் அது. அகலம் 245 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 35 பங்கு பக்கச் சுவரின் உயரம், அதாவது ஏறக்குறைய 86 மில்லிமீட்டர்தான். இத்தனை குட்டையான சுவர் காற்றிழந்தால், ரிம்முக்கும் சாலைக்கும் இடையே அகப்பட்டுச் சிறிது தூரத்திலேயே நசுங்கி அரைபடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

ஆணி எந்த ஸ்தானத்தில் ஏறியது என்பதே முதற்பரிசோதனை. கடைக்காரர்கள் பட்டன் என்று வழங்கும், தரையில் படியும் பகுதியின் நடுப்பாகத்தில், துளை 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். தோள்பகுதியிலோ பக்கச் சுவரிலோ இருந்தால் யோசிக்கவே இடமில்லை. பட்டனுக்கு அடியில் உள்ள எஃகுக் கம்பிப் பட்டைகளின் காவல் அங்கே கிடையாது. சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் அவ்விடம் வளைந்து நிமிர்வதால் எந்த ஒட்டும் நிலைக்காது.

இனி வழிகளை ஒப்பிடுவோம். சக்கரத்தைக் கழற்றாமலேயே வெளியிலிருந்து பசைத்திரியைத் திணிக்கும் முறை ஐந்து நிமிஷத்தில் முடிவது. இரவு வேளையில் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்க நேர்ந்தால் வீடு வந்து சேர அதைவிட உபகாரமான யுக்தி வேறில்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் துளையைப் பெரிதாக்கும் முள் கருவி எஃகுக் கம்பிகளை அறுக்கக்கூடும் என்பதாலும், டயரின் உட்புறத்தை யாரும் பாராமலே வேலை முடிந்துவிடுகிறது என்பதாலும், வேகக் காருக்கு அதைத் தற்காலிக உபாயமாக மட்டுமே கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காற்றழுத்தம் காட்டும் கருவியும் அடைப்புத் திரவமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 அக்டோபரில் நம் நாட்டு விதிகள் மாறியபின், பல கார்களில் ஒரு குப்பியும் சிறு கம்ப்ரஸரும்தான் துணைக்கு வருகின்றன. அத்திரவம் கடை வரையிலான பிரயாணத்துக்கே உரியது. அதை ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், கழுவித் துடைக்காத பரப்பில் எந்த ஒட்டும் பிடிக்காது.

உள்ளே வெறும் பேட்ச் ஒட்டுவது காற்றை நிறுத்தும். ஆனால் துளையின் வழி திறந்தே கிடப்பதால் மழைநீர் இறங்கி எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். நம்மூர் மழைக்காலத்தில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தேங்கும் நீரைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க அவசியமில்லை.

எஞ்சுவது மஷ்ரூம் முறை. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்பரப்பை இதமாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி உலரவிட்டு, காளான்போல் தண்டும் குடையும் சேர்ந்த ரப்பர்த் துண்டின் தண்டைத் துளைக்குள் இழுத்து, குடையை உட்சுவரோடு உருளையால் அழுத்தி ஒட்டுகிறார்கள். துளையும் அடைபடும், உட்சுவரும் மூடப்படும். ஒட்டுவதென்று தீர்மானித்தால் ஒட்டவேண்டியது இவ்விதமே. ஆனால் இவ்வாறு செப்பனிட்ட டயருக்குப் பழைய வேகக்குறி செல்லுமா என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒருமித்த கொள்கை இல்லை. ஆகையால் அடையாறுக்கும் மாமல்லபுரத்துக்கும் சட்டத்துக்குட்பட்ட வேகத்தில் போய்வருவோர் கவலையின்றி ஓட்டலாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோகிறவர் அந்த டயரை மாட்டிக்கொண்டு போகவே கூடாது.

காற்றின்றியும் சுமார் 80 கிலோமீட்டர் ஓடவல்ல ரன்ஃப்ளாட் டயர்களின் கதை வேறு: அவை காற்றின்றி எவ்வளவு ஓடின என்பதை வெளியிலிருந்து நிர்ணயிக்க இயலாது, உற்பத்தியாளர் ஒட்ட அனுமதிக்கிறாரா என்று கேட்டறிவது முதற்கடமை.

கடையைத் தேர்ந்தெடுக்கையில், கடப்பாறையால் நெம்பாமல் இயந்திரத்தால் டயரைக் கழற்றுகிறார்களா, ஜாக்கியைக் காரின் உரிய தாங்குமிடத்தில் வைக்கிறார்களா, போல்ட்டுகளை முடிவில் அளவுக் குறடால் முடுக்குகிறார்களா, பிறகு வீல் பேலன்சிங் செய்கிறார்களா என்று பாருங்கள். நைட்ரஜன் நிரப்புவதைப்பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

எங்கள் ஆணி பட்டனின் நட்டநடுவே, மூன்று மில்லிமீட்டர் பருமனில், ஒட்டுவதற்கென்றே ஏறியதுபோல் இருந்தது. பையன் அதோடு எவ்வளவு தூரம் வந்தான் என்று கேட்டதற்கு, ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் வந்தேன் சித்தப்பா என்றான். டயரைக் கழற்றிக் கவிழ்த்ததும் உள்ளிருந்து மிளகுப் பொடி போன்ற கருந்தூள் கைப்பிடியளவு கொட்டியது. பக்கச் சுவரின் உட்தோல் வளையமாக உரிந்திருந்தது. வெளியிலிருந்து திரி போட்டிருந்தால் இவற்றில் ஒன்றையும் நாங்கள் கண்டிருக்கமாட்டோம்.

1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறை எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்ததும், பிற்காலத்தில் ஒரகடத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகள் எழுந்ததும் நம் நகரத்தைச் சுற்றித்தான். இருந்தும் அந்த அளவு டயர் எங்கள் பக்கத்துக் கடையில் கையிருப்பில் இல்லை. மூன்று நாள் காத்திருந்து, ஒரே அச்சில் தேய்ந்ததும் புதியதும் கலவாதிருக்கப் பின்சக்கரங்கள் இரண்டிற்குமே புதிய டயர் வாங்கி, உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைப் பையனையே படிக்கச் சொல்லிப் பார்த்தபிறகு மாட்டச் சொன்னோம்.